ராத்தாவின் நெற்றியும் எங்கள் மண்டபத்து நிலமும்

ஓட்டோவிலிருந்து முதலில் இறங்கியது ஒரு கதிரை. நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை. ஓட்டோக்காரர் அதை எங்கள் மண்டபத்து வாசலில் ஊன்றி வைத்த பிறகுதான், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு ராத்தா இறங்கினார். முதலில் ஒரு கால். பிறகு ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகு மற்றக் கால்.

உள்ளே பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் எப்போதும் இருக்கிற தையல்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

“ரீச்சர், இனிக் கதிரைக்கும் ஒரு பாய் விரிக்கவேணுமோ?”

ராத்தாவின் காதில் அது விழுந்துவிட்டது. “விரியுங்கோ பிள்ளை. இவர் இல்லாமல் நான் ஓரிடமும் போறேல்லை. மனுசன் மௌத்தாகிக் கண்ணை மூடின பிறகு எனக்கு முண்டு குடுக்கிற ஆள் இவர்தான்.”

மண்டபமே சிரித்தது. கால் வைத்த முதல் நாளே ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைக்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். எங்கள் வகுப்புக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் முதல் மாதம் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

ரீச்சர் என்று அவர்கள் கூப்பிடுவது என்னைத்தான். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். என் பெற்றோர் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி வயலாக்கியவர்கள். எழுத்து எனக்குள் ஒழுங்காக ஒட்டுவதற்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்கு இறங்கிவிட்டேன். இன்றைக்கும் பேப்பரில் பெரிய எழுத்தை மட்டும்தான் கூட்டி வாசிப்பேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, அகதிக் கூடாரங்களில் அலைந்து, திரும்பி வந்து, வயலை மகனிடம் கொடுத்துவிட்டு முள்ளியவளையில் மகள் வீட்டில் இருக்கத் தொடங்கிய காலத்தில் என் இடுப்பு என்னைக் கைவிட்டது. அரசாங்கச் சித்த வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே இருந்த இளம் டொக்டர் பிள்ளை குளிசை தருவதற்கு முன்னம், “அம்மா, இந்தப் பாயிலை கொஞ்சம் படுங்கோ பாப்பம்” என்றாள். அப்படித்தான் நான் யோகாசனம் படித்தேன். இடுப்பு நிமிர்ந்தது. இடுப்போடு வேறும் சிலது நிமிர்ந்தது.

அந்தப் பிள்ளைக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தபோது, மாதர் சங்க மண்டபத்தில் அவள் நடத்திவந்த வகுப்பை என்னிடம் தந்தாள்.

“எனக்கு அந்தப் பேருகள் வாயிலை வராது பிள்ளை” என்றேன்.

“பேர் வேண்டாம் அம்மா. ஆளைப் பாருங்கோ. ஒருத்தரையும் பிழை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. உடம்புக்குக் காது கேக்கும்.”

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் ஓட்டுகிறேன். கிழமையில் இரண்டு பின்னேரம், பன்பாய்கள், ஒரு சீமெந்து நிலம். சீனி வருத்தக்காரர், பிரஷர்காரர், நித்திரை வராதவர்கள், மகளோடு கோபித்துக்கொண்டு வருகிறவர்கள், எல்லாரும் உண்டு.

ராத்தா தண்ணீரூற்றில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். நாங்களும் அலைந்துதான் வந்தவர்கள். அதனால் அந்த விசயத்தை நாங்கள் ஒருவரிடம் ஒருவர் விசாரிப்பதில்லை. அவர்களில் மூத்த சகோதரியை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு என்னைவிடச் சில வயது கூட. ஆகவே எனக்கும் அவர் ராத்தா. அவருக்கு நான் வெளியிலே தங்கச்சி, மண்டபத்துக்குள் ரீச்சர்.

முதல் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என்னை வெளியே படிக்குக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, எனக்கு ஓடவும் வேண்டாம், பாயவும் வேண்டாம். என்ரை நெத்தி நிலத்திலை படவேணும். அவ்வளவுதான்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஐந்து நேரமும் தொழும்போது, குனிந்து, முழங்காலில் இறங்கி, நெற்றியை நிலத்தில் வைக்கவேண்டும். அதை சுஜூது என்பார்கள். முழங்கால் தேய்ந்த பிறகு அவர் கதிரையில் இருந்துகொண்டே தலையைக் குனிந்து தொழுகிறார்.

“அது கூடும் எண்டு பள்ளிவாசல் ஹஸரத்தும் சொல்லிப்போட்டார். வவுனியா ஆஸ்பத்திரி டொக்டரும் சொல்லிப்போட்டார். கதிரையிலை இருந்து தொழுதாலும் அல்லாஹ் ஏற்பான், அது எனக்குத் தெரியும். ஆனா தங்கச்சி, கடையிலை ஆரும் விலை குறைச்சுக் கேட்டால், சரி எடுங்கோ எண்டு தலையை ஆட்டுவன் பாருங்கோ, அந்த மாதிரிக் கிடக்கு எனக்கு. மனசு இறங்குதில்லை. வாற நோன்புக்கு முதல் ஒருக்கா எண்டாலும் நான் கீழை போகவேணும்.”

நோன்பு வர ஆறேழு மாதம் இருந்தது. “போகலாம் ராத்தா” என்றேன். எந்தத் துணிவில் சொன்னேனோ தெரியாது. ஆனால் சொன்ன சொல்லை நான் விடுகிறவள் இல்லை.

கதிரையில் இருந்தபடியே தொடங்கினோம். காலை நீட்டுவது, மடக்குவது, பாதத்தைச் சுழற்றுவது. கால்விரலால் நிலத்தில் கிடக்கிற துவாயைச் சுருட்டி எடுப்பது. மற்றவர்கள் பாயில் செய்வதை ராத்தா கதிரையில் செய்வார். கொஞ்ச நாளில் வேறு இரண்டு மூன்று பேரும் மண்டபத்துக் கதிரைகளை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டார்கள். பாயிலிருந்து எழும்பப் பஞ்சிப்படுகிறவர்கள்தான்.

ஒரு விசயத்தைக் கவனித்தேன். வகுப்புத் தொடங்கும்போது டொக்டர் பிள்ளை காட்டித் தந்தபடி மூன்று முறை ஓம் சொல்லுவோம். அந்த நேரம் ராத்தா எப்போதும் வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டு நிற்பார். ஒரு சோடி ரப்பர் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஒருவருக்கும் எடுக்காது. நாங்கள் முடித்ததும் செருப்பும் கழன்றுவிடும், சிரித்துக்கொண்டு உள்ளே வருவார். அவர் ஒருநாளும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த கிழமையிலிருந்து ஓமை வீட்டிலேயே சொல்லி முடித்துவிட்டு வரத் தொடங்கினேன். மண்டபத்தில் கண்ணை மூடி, வெளியே கேட்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். குயில், டிராக்டர், தேங்காய் துருவுகிற சத்தம். ராத்தாவின் செருப்பும் சட்டென்று கழன்றது.

மாரி மழை முடிகிற காலத்தில், தலையணைகளை அடுக்கி அதன்மேல் அவரை முழங்காலில் நிற்கவைத்தேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலிக்கிறதா என்று நான் கேட்பதில்லை. முகத்தைப் பார்ப்பேன். ராத்தாவின் முகத்தில் வலது புருவம் முதலில் சொல்லும். புருவம் ஏறினால் நிறுத்துவேன். பிறகு ஒவ்வொரு தலையணையாகக் குறைத்தோம். கடைசியில் கதிரையை விட்டு, கையை நிலத்தில் ஊன்றி, நாலு காலில் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டார். நோன்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்தச் சந்தோசத்தில்தான் சொன்னேன்:

“ராத்தா, இப்ப முழங்கையையும் நிலத்திலை வையுங்கோ, நாய் படுக்கிற மாதிரி. இந்த நாயிலை இருந்து உங்கடை சுஜூதுக்கு ஒரு சாண்தான்!”

ராத்தா முழங்கையை வைக்கவில்லை. கதிரையைப் பிடித்து, இரண்டு பேர் தூக்கிவிட, எழும்பினார். “இண்டைக்கு இவ்வளவும் காணும் தங்கச்சி” என்றார். மண்டபத்துக்குள் வைத்துத் தங்கச்சி என்றது அன்றைக்குத்தான்.

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

படிக்க வராதவரை வீடு தேடிப் போய்க் கூப்பிடுவது என் வழக்கமில்லை. வகுப்பு என்ன, இலவசமாக அரிசி கொடுக்கிற இடமா, வா வா என்று கூப்பிட? ஆனால் மூன்றாவது வகுப்பில் அந்த மூலையில் கதிரை இல்லாத இடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தையல்காரியும் விடவில்லை. “ரீச்சர், போய்ப் பாருங்கோவன். உங்கடை மரியாதை தண்ணீரூற்றுச் சந்தியோடை குறையாது” என்றாள்.

போனேன். ராத்தாவின் மருமகள் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். நடுவிறாந்தையில் ராத்தா இருந்தார், அந்த நீலக் கதிரையில். அவரின் காலடியில், பாயில், நடக்கப் பழகுகிற பேத்திப் பிள்ளை சட்டையில்லாமல் தவழ்ந்துகொண்டிருந்தது. இஞ்சித் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வந்தன. நான் இரண்டையும் முடித்தேன். அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

“என்னிலை கோவமோ ராத்தா?”

“உங்களிலை ஏன் கோவம்?”

“பிறகேன் வாறேல்லை?”

ராத்தா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். “சின்னனிலை நாங்கள் ஓதப்பள்ளிக்குப் போன காலம், லெப்பை பிரம்பை வைச்சுக்கொண்டுதான் தொழச் சொல்லித் தந்தவர். காகம் கொத்துற மாதிரிக் குனிஞ்சு எழும்பாதே. ஒட்டகம் விழுற மாதிரி விழாதே. நாய் மாதிரி முழங்கையை நிலத்திலை விரிக்காதே. அடி வாங்கிப் பழகினது தங்கச்சி. நீங்களும் நாய் எண்டு சொல்லி, சுஜூது எண்டும் சொல்லிப்போட்டியள். என்ரை முழங்கையே கேக்கேல்லை.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். என் வகுப்பில் எது மனுசர் செய்கிறது? பூனை மாதிரி முதுகைத் தூக்கு. பாம்பு மாதிரித் தலையைத் தூக்கு. கொக்கு மாதிரி நில். முதலை மாதிரிப் படு. பெயர் வாயில் வராது என்றுதான் நான் எல்லாவற்றுக்கும் மிருகத்தைப் பிடித்துவைத்திருந்தேன். ஒரு மிருகம் இன்னொருவர் மனதைக் கடிக்கும் என்று எனக்கெப்படித் தெரியும்? நான் சொன்னது சொன்னதுதான், அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சொன்ன இடம் அவருக்குக் கோயில் மாதிரி.

“அவ்வளவுதானே ராத்தா? பேரை மாத்திப்போடுவம்” என்றேன். “நான் வைச்ச பேர்தானே.”

“அது மட்டுமெண்டால் நான் வந்திருப்பன்” என்றார் ராத்தா. குசினியில் மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்வரை பார்த்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கதிரை வாங்க முதல் ஒருநாள், மத்தியான லுகர் தொழேக்கை, கீழை போயிட்டன் தங்கச்சி. போகேக்கை சுகமாத்தான் போனன். எழும்ப ஏலேல்லை. வீட்டிலை ஒருத்தரும் இல்லை. அப்பிடியே அந்தப் பாயிலை சரிஞ்சு கிடந்தன். மகன் கடையாலை வந்து தூக்கினவன். தூக்கிப்போட்டுச் சிரிச்சான். அவன் என்ன, பயத்திலை சிரிச்சிருப்பான். அடுத்த நாள் கதிரை வந்திட்டுது. உங்கடை மண்டபத்திலை அண்டைக்கு ரெண்டு பேர் என்னைத் தூக்கிவிட்டினம் பாருங்கோ, அப்பவும் அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. கீழை போறதுக்கு எனக்குப் பயமில்லை. எழும்புறதுக்குத்தான்.”

நாலைந்து மாதமாக நான் இந்த மனுசிக்குக் கீழே போகப் பழக்கினேன். எழும்பப் பழக்கவில்லை. என் டொக்டர் பிள்ளை ஆளைப் பார் என்றாள். நான் முழங்காலைப் பார்த்திருந்தேன்.

இரண்டு பேரும் பேத்திப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அது அந்த நேரம் எழும்புகிற வேலையில் இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் பாயில் பதித்தது. கால்விரல்களை ஊன்றியது. பிறகு பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கியது. தலை இன்னும் கீழேதான், கால்களுக்கிடையால் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. பிறகு கையை ஒவ்வொன்றாகக் காலுக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஒரு உந்து உந்தி, நின்றுவிட்டது. நின்ற ஆச்சரியத்தில் கையைத் தட்டியது. தட்டினதில் தொப்பென்று கீழே இருந்துவிட்டது. மறுபடியும் உள்ளங்கை, மறுபடியும் கால்விரல்.

“இஞ்சை பாருங்கோ தங்கச்சி” என்றார் ராத்தா. “இவள் முழங்காலை மடக்கவே இல்லை.”

நான் கதிரையிலிருந்து இறங்கிப் பாயில் இருந்தேன். பிள்ளை திரும்பவும் செய்தது. நானும் அதற்குப் பக்கத்தில் செய்து பார்த்தேன். உள்ளங்கை, கால்விரல், பின்பக்கம், கையை மெல்ல நடத்திக் கொண்டுவருவது. எழும்பி நின்றேன். முழங்காலில் பாரமே இல்லை. பாரம் முழுக்கக் கையிலும் தொடையிலும் போய்விட்டது. குசினி வாசலில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“மாமி, வந்த ஆளுக்கு என்ன குடுத்தனீங்கள்?”

“வட்டிலப்பம்தான்” என்றார் ராத்தா. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

அடுத்த வகுப்பில் நான் முதலில் பெயர்களைக் கலைத்தேன். “இண்டையிலை இருந்து இந்த மண்டபத்துக்குள்ளை மிருகம் இல்லை. எல்லாத்துக்கும் புதுப் பேர் வேணும். நீங்களே வையுங்கோ” என்றேன். ஏன் என்று நான் சொல்லவில்லை.

“அப்பாடா” என்றாள் தையல்காரி. “தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை மூடியாச்சு.”

பிறகு நடந்தது வகுப்பே இல்லை, சந்தை. பூனைக்கு மதகு என்று ஒருத்தி சொன்னாள், வாய்க்கால் மதகு போலத்தான் முதுகு வளைகிறதாம். ஒற்றைக்காலில் நிற்பதற்குப் பனை. பனை ஆடாது, நீ ஆடுகிறாய், அதனால் தென்னை என்று இன்னொருத்தி. நாய்க்குக் கூடாரம் என்று சொன்னார்கள். “கூடாரம் எண்டால் எங்கடை ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை” என்று பின்வரிசையில் ஒரு குரல். அதற்கும் சிரித்தார்கள். முதலை மாதிரிக் குப்புறப் படுப்பதற்கு மட்டும் எல்லாரும் ஒரே குரலில் ஒரு பெயர் வைத்தார்கள்: கலியாணவீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ராத்தா தன் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஏன் இந்தக் கலைப்பு என்று தெரியும். என்னைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தார். அந்த அசைப்பு எனக்குப் போதும்.

அதன்பிறகு எழும்புகிற பாடம். “ஒவ்வொருத்தரும் நிலத்திலை இருந்து என்னண்டு எழும்புறனீங்கள்? காட்டுங்கோ” என்றேன்.

அப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. ஒருத்தி சுவரைத் தேடித் தவழ்ந்து போனாள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் தலையை அமத்தி எழும்பினாள், அமத்துப்பட்டவள் கத்தினாள். தையல்காரி மூன்று முறை ஆடி, நாலாவது ஆட்டத்தில் முருகா என்று எழும்பினாள். “முருகன் வராட்டில் என்ன செய்வாய்?” என்று கேட்டதற்கு, “வருமட்டும் இருந்து தைப்பன்” என்றாள். பார்த்தால், எழும்பத் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் மிகவும் குறைவு. நிலத்தில் இருக்கப் பயந்து பயந்து எத்தனை பேர் கதிரைக்கும் கட்டிலுக்கும் போய்விட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோயிலில் அன்னதானத்துக்குப் பந்தியில் இருக்காமல் பொதி கட்டிக்கொண்டு வருகிறவர்களும் இதற்காகத்தான் அப்படி வருகிறார்கள். ராத்தாவின் பயம் ராத்தாவுக்கு மட்டும் இல்லை.

நான் பிள்ளை எழும்புகிற மாதிரிச் செய்து காட்டினேன். எல்லாரும் செய்தார்கள். பின்பக்கங்களெல்லாம் வானத்தைப் பார்க்க, தலைகீழாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்ததில் பாதிப் பேர் பாயில் உருண்டார்கள். அதற்கு மாத்திரம் பெயர் வைக்கச் சண்டை வரவில்லை. பிள்ளை எழும்பல் என்று தானாகவே வந்துவிட்டது.

அன்று ராத்தாவால் எழும்ப முடியவில்லை. பின்பக்கம் தூக்கினார், கையைக் கிட்டக் கொண்டுவரும்போது தலை சுற்றியது. இறக்கிவிட்டோம். அடுத்த வகுப்பில் கையை ஒரு பலகைக்கட்டையில் ஊன்றவைத்தேன். அது நல்லாயிருந்தது. “கிட்ட நில்லுங்கோ, ஆனா பிடியாதேங்கோ” என்றார். நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருத்தர் தடுமாறும்போது கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எனக்கு இந்த வகுப்பில் மிகவும் கஷ்டமான ஆசனம். ஒருநாள் எழும்பினார். அடுத்த நாள் எழும்பவில்லை. பிறகு இரண்டு முறை எழும்பினார். வீட்டில் பேத்திக்குப் பக்கத்தில் இருந்து பழகுவதாக மருமகள் எனக்குத் தெருவில் வைத்துச் சொன்னார். “ரெண்டு பேருக்கும் போட்டி அன்ரி. மாமி விழுந்தால் அவள் கை தட்டுறாள்.”

கட்டையையும் எடுத்துவிட்டோம். ஆனாலும் தொழும்போது ராத்தா கதிரைக்குத்தான் போனார். வகுப்பு நடக்கிற பின்னேரம்தான் அஸர் தொழுகை நேரமும். பள்ளிவாசலில் தொழுகை அழைப்பான வாங்கு கேட்டதும் வெளியே குழாயில் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, கதிரையை மேற்குச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து, ஒரு மூலையில் தொழுவார். நாங்கள் அந்த நேரம் கதையைக் குறைத்து மெல்ல ஆசனம் செய்வோம். நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கீழே போவீர்களா என்று கேட்டால் அது அவருக்கும் அவரின் ஆண்டவனுக்கும் நடுவில் என் தலையை நீட்டுவது.

நோன்புக்குப் பிறை பார்க்க நாலைந்து நாள் இருக்கும். வாங்கு கேட்டது. ராத்தா குழாயடிக்குப் போய்வந்தார். வெள்ளைத் தொழுகை உடுப்பைப் போட்டார். கதிரையைத் திருப்பவில்லை. பையிலிருந்து முசல்லாவை, அந்தத் தொழுகைப் பாயை, எடுத்து நிலத்தில் விரித்தார்.

“எல்லாரும் மதகைச் செய்யுங்கோ” என்றேன். எல்லாரும் நாலு காலில் நின்றார்கள். ஒருத்தியும் முதுகை வளைக்கவில்லை. எல்லாருடைய தலையும் ஒரு பக்கம்தான் திரும்பி இருந்தது.

ராத்தா நின்று ஓதினார். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு கையைத் தொடையில் வைத்து, ஒரு முழங்கால், மற்ற முழங்கால், உள்ளங்கை, நெற்றி. நெற்றி நிலத்தில் பட்டது. நிமிர்ந்து இருந்தார். மறுபடியும் நெற்றியை வைத்தார். வைத்தவர் வைத்தபடியே இருந்தார்.

நேரம் போனது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, நின்று, போயும்விட்டது. ராத்தாவின் முதுகு அசையவில்லை. தையல்காரி என்னைப் பார்த்தாள். எழும்ப ஏலாமல் கிடக்கிறாவோ என்று அவள் கண் கேட்டது. ஒரு காலை ஊன்றி எழும்பவும் பார்த்தாள். நான் அவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, என் மனமும் எழும்பு எழும்பு என்றுதான் அடித்துக்கொண்டது. தூக்கினால் அந்தப் பழைய நாள் திரும்ப வந்துவிடும். விழுந்தாலும் அவரே விழட்டும், எழும்பினாலும் அவரே எழும்பட்டும்.

முதலில் கால்விரல்கள் ஊன்றின. பிறகு உள்ளங்கைகள் நிலத்தை அமத்தின. வெள்ளை உடுப்புக்குள்ளே அவரின் உடம்பு மெல்ல மேலே வந்தது. கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிட்ட வந்தன. ஒரு நிமிடம் அப்படியே நின்றார், பாதி வானம் பாதி நிலமாக. பிறகு நிமிர்ந்துவிட்டார். கையை நெஞ்சில் கட்டி, உதடு மட்டும் அசைய, அடுத்ததை ஓதத் தொடங்கினார்.

அஸருக்கு நாலு தரம் இப்படி நின்று குனிந்து போகவேண்டும். நாலு தரமும் போனார். எழும்பவேண்டிய ஒவ்வொரு முறையும் தானே எழும்பினார். கடைசியில் இருந்தபடி வலப்பக்கமும் இடப்பக்கமும் முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னார். இடப்பக்கம் திருப்பியபோது எங்களைப் பார்த்தார். எல்லாரும் இன்னும் நாலு காலில்தான்.

“என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?” என்றார். “ரீச்சர், மூச்சை விடச் சொல்லுங்கோ இவையளுக்கு.”

மண்டபம் வெடித்துவிட்டது. தையல்காரி அழுதுகொண்டு சிரித்தாள். அவள் எதையும் ஒன்று மட்டும் செய்கிற ஆள் இல்லை. பின்வரிசைக்காரி ஓடிப்போய் ராத்தாவைக் கட்டிப்பிடித்தாள், ராத்தா மறுபடியும் விழப்பார்த்தார். யாரோ கடையில் பனங்கட்டியும் பிளேன்டீயும் சொல்ல ஆள் அனுப்பினார்கள். நான் ரீச்சர் என்பதால் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்று பார்த்தேன். அதற்குமேல் என்னாலும் முடியவில்லை.

பொழுதுபட ராத்தாவும் நானும் ஓட்டோ வரும்வரை மண்டபத்துப் படியில் இருந்தோம். வேப்பங்காற்று வீசியது. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்டுவிட்டேன்.

“ஏன் ராத்தா முதல்தரம் அவ்வளவு நேரம் கிடந்தனீங்கள்? நான் பயந்துபோனன். எழும்ப ஏலாமல் போட்டுதோ எண்டு.”

ராத்தா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சீ, எழும்ப நினைக்கவே இல்லை தங்கச்சி. கதிரையிலை இருக்கேக்கை சொல்ல வராத கதையெல்லாம் எவ்வளவு சேந்து கிடந்தது. எல்லாத்தையும் சொல்லி முடிக்க வேண்டாமே?”